சதுரக் கிலோமீட்டருக்கு

படிவம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்.
வெறுங்காம்பராவுக்குக் காசில்லை.
மஞ்சள் மழைக்கோட்டைத்
திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கிளென்மோரா கீழ்ப்பிரிவு, இரட்டை லயம்.
முதல் காம்பராவில் ஏழு பேர்.
எட்டு என்றாள் மரியசெல்வம், வயிற்றைத் தடவி.
பிறந்தவர்களுக்குத்தான் கட்டம் இருக்கிறது என்றேன்.
நாலாம் காம்பராவில்
பகலில் தூங்குகிறவர்கள் மூன்று பேர்
இரவில் தூங்குகிறவர்கள் நான்கு பேர்
பாய் ஒன்றுதான்.
ஒன்பதில் பூட்டு. கதவில் சோக்கட்டியால்
கொழும்பு நம்பர் ஒன்று.
பத்தடிக்குப் பன்னிரண்டடி.
அளவுநாடாவை முழுதாக இழுக்க
அடுப்பை நகர்த்த வேண்டியிருந்தது.

நூற்றுப் பதினாறு பேர்,
என்னையும் சேர்த்து.

கச்சேரி மாடியில் சுவரளவுக்கு வரைபடம்.
மாத்தயா நல்லவர். தேத்தண்ணி தந்தார்,
சீனி போதுமா என்று தமிழில் கேட்டார்.
என் நூற்றுப் பதினாறை வாங்கிப்
பிரிவின் முழுப் பரப்பால் வகுத்தார்.
தேயிலையும் சேர்த்து,
டர்பன்டைன் காடும், கற்பாறையும்,
தொரை பங்களாவின் புல்வெளியும் சேர்த்து.

சதுரக் கிலோமீட்டருக்கு ஐம்பத்தெட்டு.

அதற்கு இளம்பச்சை நிறம்.
டவுன் கடுஞ்சிவப்பு.
ஆஸ்பத்திரி ஊசியும் இரத்தம் காய்ந்த பஞ்சும்
பற்றரிக் கடை அமிலமும்
கிழங்குத் தோட்டத்துக் களைக்கொல்லிப் போத்தல்களும்
சிவப்பை விட்டுப் பச்சைக்குப் போவதுதானே முறை?
கணக்கில் பிழையில்லை.
இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

ஒரு தேயிலைச் செடிக்கு அடுத்தது நாலடி தள்ளி.
வேருக்கு இடம் வேண்டும், இலைக்குக் காற்று வேண்டும்.
அந்தச் செடிகள் எல்லாவற்றின் மேலும்
எங்களை மெல்லிசாகப் பூசியிருந்தார்கள்
பாணில் மாஜரின் மாதிரி.
ஆளுக்கு நாலு ஏக்கர் சொச்சம் விழுகிறது.
வரைபடத்தில் நாங்கள் காணிக்காரர்.

வீடு கட்ட ஏழு பேர்ச் கேட்டு
யோகராணி கொடுத்த கடிதத்துக்குப்
பதினோரு வருசம்.
காணி இல்லை என்று மூன்று மொழியில் பதில்.
குப்பைக்கு மூன்று ஏக்கர்
பதினேழு நாளில் கிடைத்தது,
பதினாறாம் நம்பர் மலையின் தலைப்பில்,
எங்கள் பீலி ஊறுகிற இடத்துக்கு
மேலே.

வரைபடம் தட்டையானது.
மழைக்கு அது தெரியாது.

முதலில் காகங்கள் வந்தன.
பிறகு நாய்கள் மஞ்சள் பைகளை
லயம் வரைக்கும் இழுத்து வந்தன.
பிறகு பிள்ளைகள் நிஜ ஊசி வைத்து
டொக்டர் விளையாட்டு.
அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய கால்கள்
கம்பூட்ஸ் கேட்கத் தொடங்கின.
கொழுந்து நிறுக்கும் நேரத்தில்
யாரும் யாருடைய கைச்சொறியையும்
பார்க்காத மாதிரி நின்றோம்.
தண்ணீரைக் கொதிக்க வைத்தோம்.
கொதித்தும் நாறியது.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
பிரட்டுக்குப் போகவில்லை.
மேலே ஏறும் பாதையின் கொண்டை வளைவில்
போய் நின்றோம்.
எண்ணுகிற பழக்கம் விடவில்லை எனக்கு.
அறுபத்துநாலு பேர்,
மரியசெல்வத்தின் இடுப்பிலிருந்த
எட்டாவது ஆளோடு.
நின்ற இடம் நாற்பது சதுர மீட்டர் இருக்கும்.
மனசுக்குள் வகுத்தேன்.

சதுரக் கிலோமீட்டருக்குப் பதினாறு இலட்சம்.

அதற்கு மாத்தயாவிடம் நிறம் இருக்குமா தெரியாது.

லொறி வந்தது, ஹோர்ன் அடித்தது,
அடித்து ஓய்ந்தது.
திருப்ப இடமில்லை, பின்னால் எடுக்கப் பள்ளம்.
டிரைவர் இறங்கி டயர் நிழலில் குந்தினான்.
அவனும் எங்கோ ஒரு லயத்துப் பொடியன்தான்,
பேச்சிலேயே தெரிந்தது.
வெயில் ஏற ஏற
பைகளிலிருந்து ஏதோ சொட்டியது.
கொஞ்சம் குடிக்கத் தண்ணி இருக்குமா என்றான்.

யாரும் அசையவில்லை.

பிறகு மரியசெல்வம்
பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு
ஒரு போத்தலை நீட்டினாள்:
"குடி. கடையில வாங்கினது.
பயப்படாத."